பன்னிரண்டு பெயருக்கு ஒரே பில்ட்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட யோகேஸ்வரன் ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் கம்பனி நடத்துகிறார். சும்மா வந்துவிடுமா? தேயிலை ஃபெக்டரியில் தூள் பெட்டிகளுக்குப் பெயர் அச்சடித்தவர், போன் ரிப்பேர் பழகி, கடை போட்டு, இன்று கொழுந்து நிறுவையைப் பதிகிற செயலியைத் தோட்டம் தோட்டமாக விற்கிறார். டிகிரிக்காரர்களே அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி ஜீவராணி, நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டுப் பெண். செயலியில் சின்னத் திருத்தம் செய்தாலும் முழுவதையும் மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டும்; பில்ட் என்பார்கள். அதையும் செயலியை வாங்கிய பன்னிரண்டு தோட்டப் பிரிவுகளுக்கும், அதாவது டிவிசனுக்கும், தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பது யோகேஸ்வரன் போட்ட சட்டம். பின்னேரம் கொழுந்து நிறுவை முடிந்த பிறகுதான் செயலியின் குறைகள் வந்து சேரும். பில்ட் முடிவதற்குள் அவளுடைய கடைசி பஸ் போய்விடும். டவுனில் சித்தி வீட்டில் தங்குவாள்.

ஒரு நாள் காலை வந்து நின்றாள்.

“முதலாளி, இந்த மாசத்தோட நிக்கிறேங்க. வீட்டுல வேலைய விடச் சொல்லிட்டாங்க.”

“வேலை செய்யிறது மிஷினு. ஒனக்கென்ன புள்ள நோவுது?”

“மிஷினு வீட்டுக்குப் போக வேணாம், நான் போகணுங்க. பன்னண்டும் ஒண்ணுதாங்க, மேல டிவிசன் பேரு மட்டும் வேற. ஒருக்கா கட்டினாப் போதும். யாரு திறக்கிறாங்களோ, அந்தப் பேர அப்ப காட்டலாம்.”

“ஒவ்வொரு டிவிசன்கிட்டயும் ஒங்களுக்குன்னே தனியா செஞ்சதுன்னு சொல்லி வித்திருக்கேன். என்னையப் பொய்யனாக்கப் பாக்குறியா?”

அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். யோகேஸ்வரனால்தான் உட்கார முடியவில்லை. ஃபெக்டரியில் பெட்டிக்குப் பெட்டி தனியாகவா கொழுந்து அரைத்தார்கள்? ஒரே தூள். வாங்குகிறவர் பெயர் கடைசியில்தான் ஏறும். ஏற்றிய கை இவருடையது. வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் இவருக்கு விளங்க வேண்டாமா?

டிவிசன்களில் நிறுவையைப் பார்க்கும் கணக்கப்பிள்ளைகளில் கறாரான செல்லசாமிக்குப் போன் போட்டார்.

“அண்ணே, செயலி இனிமே எல்லா டிவிசனுக்கும் ஒண்ணுதான். ஒங்களுக்குத் தனியா இல்ல.”

“மேல நம்ம டிவிசன் பேரு தெரியுமா?”

“பெருசாவே தெரியும்.”

“அப்பறம் என்னங்க? நிறுவை சரியா இருந்தாச் சரி. இதுக்கா போனு?”

மறுவாரம் பின்னேரம் ஒரு குறை வந்தது. ஜீவராணி திருத்தினாள், ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் பில்ட் முடிந்துவிட்டது. யோகேஸ்வரன் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா வேகத்த? யோசனை நம்மளோடது” என்றார்.

ஜீவராணி மறுக்கவில்லை. மறுத்துக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும்.