ஈரம் காயாத ஆடு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு கரண்ட் சூளைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. டைல்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சூளை ஆபரேட்டராக இருந்தவன் நான். கதவைத் திறக்காமலே என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு காஞ்சிபுரத்தில் என் வீட்டு மாடியில் மண் வேலை வகுப்பு ஆரம்பித்தேன். களிமண்ணைத் தொட்டே பார்க்காதவர்களுக்கான வகுப்பு. அந்த டிசம்பரில் வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட நட்சத்திரமும் மணியும் செய்தார்கள். ஐயம்பேட்டையில் பிளவுஸ் தைக்கும் ஜெசிந்தா மட்டும் தங்கள் சர்ச் குடிலில் வைக்க ஓர் ஆடு செய்தார். வயிற்றைக் குடைந்து மண்ணை எடுக்கச் சொன்னேன். "கால் ஒடிஞ்சிடும் சார், பயமா இருக்குது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

கெட்டியான மண் உள்ளே காய நாளாகும். வெள்ளிக்கிழமை அந்த ஆட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஈரம் போகவில்லை என்று அர்த்தம்; அப்படியே சுட்டால் உள்ளே ஆவி கிளம்பி வெடித்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லாரும் சுட்ட மண்ணின் மேல் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு பூச வேண்டும். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மற்றவற்றோடு அதையும் சூளையில் அடுக்கினேன்.

ஞாயிறு காலை சூளையைத் திறந்தால், ஆடு இருந்த இடத்தில் ஒரு கால் மட்டும் கிடந்தது. தெறித்த சில்லு பட்டு நட்சத்திரங்களிலும் மணிகளிலும் முக்கால்வாசி உடைந்திருந்தன.

வகுப்புக்கு வந்தவர்கள் உடைந்ததை அள்ளி வைத்த தட்டைச் சுற்றி நின்றார்கள்.

"என் ஆடுதானே சார் வெடிச்சது?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஜவுளிக்கடை நாசர் பாய் தன் மணியின் உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே, "அவ்ளோ தடியா பண்ணியிருக்க வேணாம்மா" என்றார், மெதுவாகத்தான். ஜெசிந்தா ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, "இனிமே நான் வரல சார். என்னால மத்தவங்களுக்கு எதுக்கு நஷ்டம்?" என்று படி இறங்கப் போனார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"இரும்மா. ஈரம் இருக்குதுன்னு வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். தெரிஞ்சேதான் வெச்சேன். தப்பு என்னுது."

ஜெசிந்தா படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தார். நாசர் பாய், "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டேன்மா, மனசுல வெச்சுக்காத" என்றார்.

எட்டுப் பேரும் அன்றைக்கே மறுபடி மண் பிசைந்தார்கள். ஜெசிந்தா புது ஆட்டின் வயிற்றை ஸ்பூனால் குடைந்தார். கிளேஸ் பூசி இன்னொரு முறை சுட நேரமில்லாததால், சுட்ட மண்ணின் மேல் பெயிண்ட் அடித்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆடு குடிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த நாட்களில் ஜெசிந்தா சந்தேகம் எதையும் என்னிடம் கேட்கவில்லை. நாசர் பாயிடம் கேட்டார்.

என்னைப் போல வகுப்பு நடத்த வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சூளையில் உடைந்ததற்கு அன்று யாரும் என்னைக் கோபிக்கவில்லை. ஒரு பெண் ஏழு பேரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.