துவக்கில்லாத சீருடை

அந்த அதிகாரியின் இடுப்புப் பட்டியில் சுடுகிற துவக்கு இல்லை. துவக்கு இருக்க வேண்டிய இடத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கியது. கப்பலில் ஏறுவதற்கு முன் நான் கண்டது அதைத்தான்.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. கடலையும் ஏரிகளையும் அளந்து வரைபடம் போடும் அரசாங்கக் கப்பல் ஒன்று ரொறன்ரோத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. யாரும் ஏறிப் பார்க்கலாம். அதில் சீருடை போட்ட பெண்களும் வேலை செய்கிறார்கள் என்று பேப்பரில் இருந்தது. அப்பா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்ததும் நான் பத்தாம் வகுப்போடு நின்று, கேக் பெட்டி மடிக்கும் தொழிற்சாலைக்குப் போகிறேன். படிப்பை விட்டவளை அந்த வேலைக்கு எடுப்பார்களா? இதைக் கேட்கத்தான் போனேன்.

நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து பஸ், பிறகு ஆர்.ரி. ரயில், பிறகு நிலத்துக்கு அடியில் ஓடும் சப்வே. ட்ரான்ஸ்பர் சீட்டு எடுத்தால் யூனியன் ஸ்டேஷன் வரை இரண்டு டொலர்தான். ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அங்கிருந்து ஏரிக்கரை பத்து நிமிட நடை.

கூட வந்த அண்ணையிடம் சப்வேயில்தான் விஷயத்தைச் சொன்னேன்.

“நீயோ? வீட்டுக்கு ஆள் வந்தாலே அறைக்குள்ளை ஓடுறனி.”

“நீங்களே கேளுங்கோவன், அண்ணை.”

“நான் கேட்டால் என்னையெல்லோ பிடிச்சு ஏத்துவாங்கள். நீதான் கேக்கவேணும்.”

வரிசை நகர்ந்தது. கருநீலச் சீருடையில் நின்ற அந்தப் பெண் அதிகாரி, வா என்று கையை உயர்த்தினார். என் கால்கள் நின்றுவிட்டன. கை தானாகப் பைக்குள் போய், குடிவரவுக் காகிதத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டியது. கொழும்பு லொட்ஜில், பொலிஸ் சோதனைகளுக்கு நடுவே இருந்த மாதங்களில் வந்த பழக்கம். சீருடையைக் கண்டால் கேட்கும் முன்பே நீட்டிவிட வேண்டும்.

அவர் குழம்பிப்போய் வாங்கிப் பார்த்தார். “யாரையாவது சந்திக்க வந்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்போதே கேட்டிருக்கலாம். பின்னால் சனம் நெருக்கியது.

“இஞ்சை ஆரும் அடையாளம் கேக்கேல்லையடி,” என்று அண்ணை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே ஒரு திரையில் ஏரியின் அடித்தரை கோடாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. நாலு மணிக்கு எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கரைக்கு வந்த பிறகுதான் பையைப் பார்த்தேன். காகிதம் இல்லை.

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. “அது இல்லாட்டி என்ன செய்யப்போறம்? நில், நான் போய் வாங்கிறன்.”

“வேண்டாம். நான் போறன்.”

அதிகாரி ஏணிப்பாதையின் குறுக்கே சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். வாங்கினேன். திரும்பவில்லை. சப்வே முழுக்க மனதுக்குள் கட்டிய ஆங்கில வசனத்தை, சங்கிலியைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பும் கணக்கும் கட்டாயம் வேண்டும் என்றார். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்து, “அதை இப்போதும் முடிக்கலாம்,” என்றார்.

கப்பல் மறுபடி வரும்போது போக நினைப்பவர்களுக்கு: காலில் தட்டையான சப்பாத்துப் போடுங்கள், உள் ஏணிகள் செங்குத்தானவை. கேள்வி இருந்தால் ஏறும்போதே கேளுங்கள். காகிதம் ஒன்றும் தேவையில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பஸ் தரிப்பு முன்னதாக இறங்கி, வளர்ந்தவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டினேன்.