மணி அடித்து நகர்ந்த கார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில், விடிந்ததும் எதன் மீது கையை வைத்தாலும் ஒரு கரும்பொடி விரலோடு வரும். கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையிலும் தண்ணீர்க் குடத்தின் மூடியிலும் அது இருக்கத்தான் செய்தது என்றாலும், எங்கள் பால்வெள்ளை அம்பாசடரின் பானெட்டில்தான் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். தொட்டால் கோலமாவு போல நைசாக இருக்கும், முகர்ந்தால் பழைய ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு துரு வாசனை ஏறும். அந்தப் பொடியில் விரலால் என் பெயரை எழுதிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். மறுநாள் காலைக்குள் பெயர் மூடிப்போயிருக்கும்.

இப்போது நாங்கள் திருவள்ளூரில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு மாதமாக ஆண்கள் எல்லோரும் தங்கள் முதல் காரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் புதிதாக வந்திருக்கும் எஸ்யூவிகளில்தான் போய் முடிகிறது. உயரமாக இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, பிள்ளை குட்டியோடு போக அதுதான் சரி என்கிறார்கள். "நீங்களும் எழுதுங்க டீச்சர்" என்று என்னையும் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன் அதை என் மகன் மீது ஏற்றிவிட இருந்தேன். குழுவில் அதை எழுத முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்பாசடர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள், நான் எட்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் அப்போது சொந்தக் கார் என்று இருந்தது அது ஒன்றுதான், அதுவும் மூன்று கை மாறி வந்தது. அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம்; ஆந்திர எல்லைப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் அது வழக்கம். ஆரம்பாக்கத்துக்காரரான நைனா, இரும்பு ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். தெருவில் நாம் பார்க்கும் கிரேன் அல்ல. கொட்டகையின் உச்சியில் தண்டவாளம் போட்டு, அதில் தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பழுக்கக் காய்ந்த இரும்புப் பாளங்களைத் தூக்கி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வைக்கிற வேலை. மேலே இருப்பவருக்குக் கீழே எல்லாம் தெரியாது. அதனால் தரையில் ஒருவர் நின்று கையைக் காட்டுவார். அவரைக் "கலாசி" என்பார்கள். கலாசி கை காட்டாமல், கூண்டிலிருந்து மணி அடிக்காமல், ஒரு பாளமும் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது.

இந்தச் சட்டத்தை நைனா ஆலையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை.

எங்கள் காருக்குக் கலாசி அம்மா. பொன்னேரி சந்தைக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் பழவேற்காட்டுக்குப் போனாலும், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மா மட்டும் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அடியில் பார்த்து, நைனாவின் கண்ணில் படும் இடமாகப் போய் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வா… வா… இன்னும் வா… அவ்ளோதான், நில்லு!" என்று கையைக் காட்டுவார். பிறகு ஓடி வந்து ஏறிக்கொள்வார். மழை பெய்தால் குடையோடு காட்டுவார். கல்யாணத்துக்குப் போகும் பட்டுப்புடவையிலும் காட்டியிருக்கிறார். இருவருக்கும் சண்டையாக இருந்த ஒரு காலையில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். நைனா எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"கைய ஆட்னா பத்தாது வசந்தா, கண்ணால பாத்துகினு காட்டு."

"உம் மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கல, போயா."

"எம் மூஞ்சிய யாரு பாக்கச் சொன்னது? சக்கரத்தப் பாரு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்துவிடுவார்களோ என்று பின்சீட்டில் நான் கழுத்துவரை சரிந்து உட்கார்ந்திருப்பேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் முதுகைச் சுடும். பரவாயில்லை என்று கிடப்பேன்.

ஆலை வாசலுக்கு எதிரே செல்வி அக்காவின் டீக்கடை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் வேலையில்லாத ஞாயிறுகளில் சும்மா வருகிறவர்களும் அங்கே கூடி நடத்துவதற்கு "வண்டிப் பேச்சு" என்று பெயர். கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், கார் பற்றிப் பேசியவர்கள் இருபது பேர். நைனாவைத் தவிர்த்த அந்த இன்னொருவர் காதர் பாய். பழவேற்காட்டில் இறால் வியாபாரம், நைனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். அந்த வருடம் அவர் புத்தம் புதிதாக ஒரு பெரிய டீசல் வண்டி வாங்கியிருந்தார். ஏறுவதற்கே ஒரு படி வேண்டும். எஸ்யூவி என்ற சொல் எங்கள் காதுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. டீக்கடையில் அதற்கு "லாரிக்குத் தம்பி" என்று பெயர் வைத்தார்கள்.

"தொர, ஒருவாட்டி ஏறி உக்காந்து பாரு. ரோடே நம்ம காலுக்குக் கீழ கீது," என்பார் பாய்.

"நான் டெய்லி எட்டு மணி நேரம் மேலதான் பாய் உக்காந்துகினு கீறேன். மேல கீறவனுக்குக் கீழ கீறது தெரியாது," என்பார் நைனா. அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, பழவேற்காட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், நைனா வழக்கம்போலக் காரை டீக்கடைப் பக்கம் நிறுத்தினார். அம்மாவும் நானும் உள்ளேயே இருந்தோம். டிக்கியிலிருந்த மீன் கூடையை நினைத்து அம்மா இரண்டு முறை குரல் கொடுத்த பிறகு, அரைமணி நேரம் கழித்து நைனா வந்து ஏறினார். அம்மா வழக்கம்போல இறங்கக் கதவைத் திறந்தார். பெஞ்சியிலிருந்து காதர் பாய் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தொர, ஸ்டார்ட்டரு வண்டில கீதா, அண்ணி கைல கீதா?"

"அண்ணிக்கு ஒரு காக்கிச் சட்டை தெச்சுக் குடுங்கபா," என்றார் இன்னொருவர்.

பெஞ்சி முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் காலைக் கீழே வைத்தார். நைனாவின் காது மடல் சிவந்திருந்ததைப் பின்சீட்டிலிருந்து நான் பார்த்தேன்.

"நீ உக்காரு," என்றார்.

"இன்னாயா?"

"உக்காருன்றேன் இல்ல."

அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நைனா ரிவர்ஸ் போட்டார். கார் பின்னால் நகர்ந்தது, இரண்டடி இருக்கும். தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்டது செல்வி அக்காவின் அலறல்.

ஆலை வாசலில் ஒரு மரம் கிடையாது. அந்த உச்சி வெயிலில் அங்கே இருந்த ஒரே நிழல் எங்கள் காரின் நிழல். செல்வி அக்காவின் மூன்று வயது மகள் பவானி, பிஸ்கட் டப்பா ஒன்றில் மண்ணை நிரப்பிக்கொண்டு அந்த நிழலில் வந்து உட்கார்ந்திருந்தாள். டப்பா சக்கரத்துக்கு அடியில் அப்பளமாகியிருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அவள் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தாள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது காதர் பாய்தான். தூக்கியவரின் தொப்பி கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"மாமா, என் டப்பா," என்றாள் பவானி, அவர் தோளிலிருந்து கீழே கையைக் காட்டி.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சி ஒனக்கு?" என்று செல்வி அக்கா நைனாவைக் கேட்டார். நைனா இறங்கினார், மண்ணிலேயே உட்கார்ந்தார், தலையைத் தூக்கவில்லை. பதினைந்து வருடம் அத்தனை ஆட்கள் நடமாடும் தரைக்கு மேல் நெருப்புப் பாளங்களைக் கொண்டுபோனவர், ஒருவர் மீதும் ஒரு பொறி விழ விடாதவர், அரை நிமிடச் சிரிப்புக்கு அஞ்சி இதைச் செய்துவிட்டார். அம்மா அந்தத் தட்டைத் தகரத்தை எடுத்து வந்து காருக்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். கார் இருந்த வரைக்கும் அது அங்கேதான் இருந்தது.

ஒரு மாதம் கார் நகரவில்லை. பொடி ஏறிக்கொண்டே போனது, என் பெயரை எத்தனை முறை எழுதினேன் என்று தெரியாது. அப்புறம் ஒருநாள் நைனா, ஆலையில் கழித்துப் போட்ட பழைய கிரேன் மணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் பொருத்தினார். அன்றிலிருந்து அம்மா ஒரு சுற்று, நைனா மூன்று முறை மணி, அம்மாவின் கை, அதற்குப் பிறகுதான் சக்கரம். அந்த மணிச் சத்தம் பஜனை கோயில்வரை கேட்கும். தெருப் பிள்ளைகள் "டிங்கு டிங்கு கலாசி வண்டி" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

"சிரிச்சா சிரிக்கட்டும்," என்றார் நைனா. "சிரிக்கிறவன் எய்ந்து முழுசா வூட்டுக்குப் போவான் இல்ல?"

காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய லாரித் தம்பியும் அதன் பிறகு ஆள் இறங்கி நிற்காமல் நகர்ந்ததில்லை. நான்தான் சிரித்தவர்களைவிட மோசம். பள்ளிக்கு முந்தைய தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்லி அழுதேன். நைனா இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு, அங்கேயும் மணி அடித்துத்தான் கிளம்பினார்.

பெரியவளானதும் நான் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றேன். கண்ணாடி பார், கிளட்ச் விடு, இண்டிகேட்டர் போடு என்றார்கள். இறங்கிப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் என் கணவர் அந்த எஸ்யூவியை வாங்கினார். எங்கள் பழைய சின்னக் கார் மூலைக்குப் போனது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்டது. என் மகனுக்கு ஏழு வயது. அவன் பின்கதவைத் திறந்தான், பையைப் போட்டான், கதவு மூடும் சத்தம் கேட்டது. ஏறிவிட்டான் என்று நினைத்தேன். அவன் ஏறவில்லை. கையிலிருந்து உருண்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்திருந்தான். என் கண்ணுக்கு எதிரே பானெட், அதற்கு அப்பால் சுவர். நடுவில் ஒன்றுமே இல்லை. நான் வண்டியை எடுத்தேன். குடியிருப்புக் காவலர் அண்ணன் ஓடி வந்து என் பக்கக் கதவுக் கண்ணாடியில் அறைந்தார். அதற்குள் வண்டி ஒரு சாண் நகர்ந்திருந்தது. இறங்கி ஓடினேன். பம்பர் தள்ளியதில் முழங்கை சிராய்த்து, உட்கார்ந்த நிலையில், கோபமாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, நான் இங்கதான இருக்கேன்," என்றான்.

அன்று மாலை ஆரம்பாக்கத்துக்குப் போன் செய்தேன். நைனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொயந்த இன்னா பண்றான்?"

"டிவி பாக்கறான் நைனா."

"நீ நாஷ்டா துன்னியா, காலைலேர்ந்து?"

அவ்வளவுதான் கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை.

குழுவில் எழுதுகிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன். உங்கள் வண்டி உயரமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அது பத்திரம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் எல்லா நேரமும் உள்ளே இருப்பதில்லை. முன்னாலும் ஒரு கேமரா வைத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர், வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் அந்த வண்டியை இனி ஓட்டப்போவதில்லை. என் சின்னக் காரைத் துடைத்து வெளியே எடுத்துவிட்டேன், அதையும் சுற்றிப் பார்க்காமல் எடுப்பதில்லை. பெரியதை அவர் ஓட்டட்டும், ஒரு நிபந்தனையின் பேரில்.

அந்த டீக்கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் எடைமேடை இருக்கிறது. காதர் பாய் காலமாகிவிட்டார். பவானி எங்கோ கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள், இதெல்லாம் அவளுக்கு நினைவிருக்காது. அம்பாசடர் ஒருநாள் கழிவு இரும்பாகக் கும்மிடிப்பூண்டியிலேயே ஓர் உலைக்குப் போனது, மணியோடும் அந்தத் தட்டைத் தகரத்தோடும். அதைத் தூக்கிய கிரேன்காரர் தூக்குவதற்கு முன் மணி அடித்திருப்பார், அது ஒன்று எனக்கு நிச்சயம்.

தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில், பள்ளிக்கூடப் புடவையில், தோளில் பையோடு, நான் அந்தப் பெரிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து பார்க்கிறேன். மேலே பால்கனியிலிருந்து யாரோ படம்கூடப் பிடித்தார்கள். "டீச்சர் டிராபிக் போலீஸ் ஆயிட்டாங்க" என்று குழுவில் போட்டார்கள். ஆமாம், ஆகிவிட்டேன். முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே போய் நிற்கிறேன். ஸ்டியரிங்கில் என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். பின்சீட்டில் என் மகன், நண்பர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கழுத்துவரை சரிந்து கிடக்கிறான். கண்ணாடிக்கு மேலே தலைமுடி மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தெரிகிறது, உள்ளேதான் இருக்கிறான். கையைத் தூக்கி, வா என்கிறேன்.