பேச்சியம்மாள் ஒதுக்கிவைத்த கப்

ஞாயிற்றுக்கிழமை தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் ஹாலில் காபி போடும் போட்டிக்குப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள். பாரிஸ்டா என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பரீட்சை உண்டு, நடுவர் உண்டு, சர்டிபிகேட் உண்டு. அந்தப் பரீட்சையைத்தான் மேடை போட்டுப் போட்டியாக நடத்தினார்கள். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்?

நான் போனது பேச்சியம்மாளுக்காக. கோவில்பட்டிப் பெண். ஒரகடத்தில் கார் பிரேக் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் அசெம்பிளி லைனில் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்ததும், நான் வழக்கமாகப் போகும் காபி ஷாப்பில் டேபிள் துடைக்கச் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் மெஷினைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் ஓனர் வாலாஜாபாத்காரர், கறார் பேர்வழி. "சர்டிபிகேட் எட்த்துகினு வா, மெஷின் உன்னுது. இல்லாங்காட்டி டேபிள்தான்" என்று சொல்லிவிட்டார்.

பத்து நிமிடம். நான்கு நடுவர்கள், நான்கு கப். மூன்று கப் பிரமாதமாக வந்தது. நான்காவதற்கு டிகாஷன் தண்ணீராகச் சடசடவென்று இறங்கியது. ஸ்பூனில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. அடுத்து அவள் செய்ததை லைனில் நின்று பழகியவர்கள்தான் செய்வார்கள்... கப்பைத் தனியே ஒதுக்கிவைத்தாள். கையை உயர்த்தினாள். "சார், இந்த பீஸ் ரிஜெக்ட். வேற போட்டுத் தாரேன்!"

ஹாலே சிரித்தது.

புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். இருபது விநாடி தாண்டிவிட்டது. அதற்கு மார்க்கைக் குறைக்கட்டும், விதி விதிதான். ஆனால் தலைமை நடுவர் என்ன சொன்னார் தெரியுமா? "கஸ்டமர்கிட்ட தப்பைக் காட்டிக்கவே கூடாதும்மா. கான்ஃபிடன்ஸ் ஜீரோ."

ஃபெயில்!

அடுத்து வந்த இளைஞருக்கும் அதே தண்ணி டிகாஷன்தான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மேலே பாலில் ஓர் அன்னப்பறவை வரைந்தார், ஈயென்று இளித்தார், நீட்டினார். பாஸ். மிச்சக் காபியைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன் — அய்யய்யே, ரசம் தோற்றது!

பொறுக்க முடியாமல் தலைமை நடுவரிடமே போய்விட்டேன். "புளிக்குதே சார், நீங்க குடிக்கலையா?"

"குடிச்சேன். ஆனா எப்படிச் சமாளிச்சார் பார்த்தீங்களா? அதான் சார் ப்ரொஃபஷனல்."

சமாளிப்பதற்கா சர்டிபிகேட்? அப்படியென்றால் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டுக்கே அனுப்பிவிடலாமே!

வெளியே பேச்சியம்மாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். "பேசாம அதையே குடுத்திருக்கலாமேம்மா" என்றேன், வெட்கமில்லாமல்.

"கெட்டதுன்னு தெரிஞ்ச பொறவு எப்படி சார் குடுக்க? லைன்ல அப்படி விட்டா ரோட்டுல ஒருத்தன் சாவான்லா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் டேபிள்.

அப்போது அந்தத் தலைமை நடுவரின் கார் எங்களைத் தாண்டிப் போனது. ஹைவே சிக்னலில் சிவப்பு விழ, போன வேகத்தில் கச்சிதமாக நின்றது.

நிற்காமல் என்ன? எந்த லைனிலோ எவளோ ஒருத்தி, சமாளிக்காமல் கையை உயர்த்தியிருக்கிறாள்.