கிணற்றடிக் கல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், மலாக்காவில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுக்கும் குழுவில் எனக்கு வேலை. தமிழ் படித்தவன் என்ற திமிர் வேறு.

காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டுக் கொல்லையில் எழுத்துள்ள கல் ஒன்று நின்றது. அந்த வீட்டு அம்மாள் தினமும் அதற்குப் பூ வைப்பார். பல தலைமுறைகளாக மலாயே பேசிவரும் மலாக்கா செட்டிகள் அவர்கள்; தமிழ் தெரியாது. நான் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்ததும், "நாமா சியாப்பா, துவான்?" என்றார். யாருடைய பெயர், ஐயா என்று கேட்கிறார்.

பழைய எழுத்து. எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. கூட வந்தவர்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"பேருமில்ல, ஊருமில்ல. வெறும் எல்லைக்கல்லு. நீங்கல்லாம் எந்தக் கல்லைக் கண்டாலும் கும்பிட்டுடுவீங்க!" என்று மலாயில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மெதுவாகப் பூவை எடுத்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார்.

மறுமாதம் என் மேலதிகாரி அந்தப் படியை வாசித்தார். அது ஒரு வணிகரின் சமாதிக்கல். அவர் பெயர்தான் அந்த வீட்டாரின் குடும்பப் பெயர்.

ஓடினேன். எழுத்தையெல்லாம் கொத்தி மட்டமாக்கி, கல்லைக் கிணற்றடியில் கிடத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் அதன்மேல் துணி அடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை சொன்னீங்க, துவான். இத்தனை வருஷம் முட்டாளா கும்பிட்டோம்" என்று சிரித்து, கோப்பி கலந்து கொடுத்தார். வாய்வரை வந்ததைக் கோப்பியோடு விழுங்கினேன்.

படி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. செத்தவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய வாரிசுகளுக்குத் தெரிந்ததெல்லாம், அது துணி வெளுக்க நல்ல கல் என்பதுதான்.