தம்பதியாக மட்டும் வரவும்

என் அக்கா பாளையங்கோட்டைத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தாள். அந்த வேலை அத்தான் வழியாக வந்தது. அத்தான் அதே இலாகாவில் இருந்தவர். கல்யாணமாகி மூன்றாவது வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். இலாகாவில் கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். “செத்தும் பொண்டாட்டிக்குச் சோறு போட்டுட்டான் மகராசன்” என்று உறவுக்காரர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டாள்.

குழந்தை இல்லாததால் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஷிப்ட் வேலை என்பதால் அவளை நான் முழுசாகப் பார்த்த நேரங்கள் குறைவு. ஒன்று செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள், அல்லது கழற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் பொருட்காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு ஸ்டால். நீச்சல் குளமும் பின்னால் மலையுமாகப் பெரிய படம் வைத்திருந்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன், “பேரும் போன் நம்பரும் எழுதிப் போடுங்க மேடம், அதிர்ஷ்டம் இருந்தா ரிசார்ட்டுல மூணு நாள்” என்று சீட்டை நீட்டினான். அக்கா எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டாள். அப்பளம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அதோடு மறந்தும் போனோம்.

ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. எடுத்தவள் அக்கா. அம்மாவும் நானும் அவள் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“சந்தோஷம். எந்த ஊர்ல?... அம்பாசமுத்திரம் தாண்டியா. சரி... மூணுல ஒரு பங்கு வாடகைதான், சாப்பாடு சேத்து. சரி... ரெண்டு மணி நேரம் உங்க திட்டத்தப் பத்திச் சொல்லுவீங்க, உக்காந்து கேக்கணும். அதுக்கென்ன, கேக்கேன்.”

பிறகு அவர்கள் ஏதோ கேட்டார்கள்.

“அவுக இல்ல. தவறிட்டாவ. நான் வாரேன்.”

மறுமுனையில் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். அக்காவின் குரல் மாறியது. சண்டைக்குரல் இல்லை. லைன் கிடைக்காமல் கத்துகிறவர்களிடம் பேசும் அவளுடைய ஆபீஸ் குரல். “தம்பதியாத்தான் வரணும்னு சீட்டுல எழுதலையே. எழுதியிருந்தா நான் போட்டிருக்கமாட்டேன். உங்களுக்கு மேல யாரு இருக்காவ? குடுங்க, பேசுதேன்.”

மேலே இருந்தவரோடு பேசினாள். அவருக்கும் மேலே இருந்தவரோடும் பேசினாள். கடைசியில், குடும்பத்தில் வேறு ஒருவரோடு வரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

“ஏட்டி, துணி எடுத்து வை” என்றாள் என்னிடம்.

அம்மாவுக்கு மனசே இல்லை. “புதுசாக் கல்யாணம் ஆனதுக வந்து நிக்கும். அங்கன போயி நீ என்ன செய்யப் போற?”

“தூங்கப் போறேன்மா. ரெண்டு நாளு மணிச்சத்தம் கேக்காத இடத்துல கெடக்கணும் எனக்கு.”

ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் வரை பஸ். அங்கே ரிசார்ட் வேன் நின்றது. உள்ளே எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். வேனே மல்லிகைப்பூ வாசமாக இருந்தது. திசையன்விளையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பி, “வீட்டுல அவுக வரலையாம்மா?” என்று கேட்டார்.

“அவுக தவறிட்டாவ அண்ணாச்சி.”

அண்ணாச்சி சட்டென்று எழுந்துவிட்டார். “ஏளா, நீ அங்கன போயி அவுக பக்கத்துல உக்காரு” என்று மனைவியை அக்கா பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, தான் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா அக்காவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் வரும்வரை மிளகாய் வற்றல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

போன உடனே எங்களை ஒரு கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வட்ட மேசைகள். ஒரு மேசைக்கு ஒரு ஜோடி, அவர்களுக்கு ஒரு விற்பனையாளர். முன்னால் பெரிய டிவியில் பனிமலையும் கோவா கடற்கரையும் ஓடிக்கொண்டிருந்தன. வருடத்துக்கு ஒரு வாரம், முப்பத்து மூன்று வருடத்துக்கு அறை நம்முடையது, எந்த ஊர் வேண்டுமானாலும் போகலாம் என்பது அவர்கள் திட்டம். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு பித்தளை மணியை அடிப்பார்கள். எல்லோரும் கைதட்ட வேண்டும். முதல் மணி அடித்தபோது அக்கா கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

எங்கள் மேசைக்கு வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கடற்கரைப் பக்கத்துப் பையன் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. பேச்சைச் சுத்தமாக்கத் திணறிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. ஆம்பிளை இல்லாத மேசை, ஒன்றும் தேறாது என்று மற்றவர்கள் அவனிடம் தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

“குட் மார்னிங் சார்” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “மேடம்” என்றான்.

அக்கா சொன்னாள்: “தம்பி, முதல்லயே சொல்லிருதேன். நாங்க வாங்க வரல. ஆனா ரெண்டு மணி நேரம் கேக்கேன்னு சொல்லியிருக்கேன். கேப்பேன். நீங்க எல்லாத்தையும் சொல்லுங்க.”

அவன் சொல்லத் தொடங்கினான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தான். நடுநடுவே நின்று, எதையோ விட்டுவிட்டு, அடுத்ததற்குத் தாவினான். மூன்றாவது தடவை அப்படித் தாவியதும் அக்கா நிறுத்தினாள்.

“இப்ப ஒண்ணு விட்டீங்களே, அது என்ன?”

“அது ஒண்ணுமில்ல மேடம். அது... தம்பதிகளுக்கான கேள்வி.”

“பரவால்ல. கேளுங்க.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சார், மேடத்தைக் கடைசியா எப்ப வெளியூர் கூட்டிட்டுப் போனீங்க?”

கணவனை வெட்கப்பட வைக்கத்தான் அந்தக் கேள்வி. பக்கத்து மேசைகளில் அந்த நேரத்தில் ஆண்கள் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். அக்கா கொஞ்சம் யோசித்தாள். பதில் சொல்ல வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்வது போலவே சொன்னாள்.

“கல்யாணமான மறுவாரம் திருச்செந்தூர். மறு வருசம் சீசனுக்குக் குத்தாலம். அடுத்த வருசம் கொடைக்கானல் போவம்னு சொன்னாவ. ஸ்வெட்டர்கூட எடுத்துட்டாவ, எனக்கு ஒண்ணு, அவுகளுக்கு ஒண்ணு. அதுக்குள்ள முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் தம்பி. இன்னைக்கு யாரும் கூட்டிட்டு வரல, நானா வந்திருக்கேன்.”

அந்த ஸ்வெட்டர் விஷயம் எனக்கே தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். டை கட்டிய அந்நியன் ஒருவன் கேட்க வேண்டியிருந்தது.

அவன் பேனாவை மூடி வைத்தான். “மன்னிச்சுக்கங்கக்கா” என்றான். ‘மேடம்’ என்பது போய்விட்டது.

“நீங்க என்ன செஞ்சிய? கேக்கச் சொன்னது நான். மிச்சத்தையும் சொல்லுங்க.”

அதன்பிறகு அவன் தன் பேச்சில் சொன்னான். எந்த ஊர் அறை நன்றாக இருக்கும், எந்த ஊரில் கட்டடமே இன்னும் எழும்பவில்லை, பராமரிப்புக் கட்டணம் என்று வருடா வருடம் தனியாக வாங்குவார்கள் என்றெல்லாம் குரலைத் தணித்துச் சொன்னான். அக்கா ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டிக் கேட்டாள். நிலையத்துக்கு யாராவது போனில் கூப்பிட்டால் அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டாள் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

நேரம் முடியப்போகும்போது மேனேஜர் வந்தார். மெட்ராஸ்காரர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன மேடம், டிசைட் பண்ணிட்டீங்களா? இந்த ரேட் இன்னிக்கு மட்டும்தான்.”

“பண்ணிட்டேன். வேண்டாம்.”

“வீட்ல ஜென்ட்ஸ் யார்கிட்டயாவது கேக்கணும்னா போன் பண்ணிக்கோங்க. எஸ்.டி.டி. இருக்கு.”

அக்கா சிரித்துவிட்டாள். “போனு போட்டுக் குடுக்கதுதாங்க என் வேலை. யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. முப்பத்து மூணு வருசத்துக்கு இப்பவே திட்டம் போடுங்கிய. அடுத்த வருசத்துக்குப் போட்டதே எனக்கு நடக்கல. நான் அந்தந்த வருசம் பாத்துக்கிடுதேன்.”

மேனேஜர் முகம் இறுகியது. “அப்படின்னா ஒண்ணு சொல்லிடறேன். இது கப்புள்ஸ் ஆஃபர். நீங்க அதுல வரமாட்டீங்க. தங்கணும்னா முழு வாடகை கட்டணும். இல்லன்னா சாயங்கால வேன்ல கிளம்பிடுங்க.”

“வாக்கா, போயிருவோம்” என்று முந்தானையை இழுத்தேன். அக்கா அசையவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் ஹெட்போன் வழியாக ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. கூடம் முழுக்கக் கேட்டது.

“வாரதுக்கு முன்னாலயே உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டு மணி நேரம் கேக்கணும்னு சொன்னிய. கேட்டேன். தம்பி, நீங்க சொல்லுங்க. நான் கேட்டேனா, இல்லையா?”

மேனேஜர் அவனைப் பார்த்தார். அந்தப் பையனுக்கு அது வேலை போகிற விஷயம். பதிலை விழுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கழுத்து டையை ஒரு தடவை தடவிக்கொண்டு எழுந்து நின்றான்.

“கேட்டாங்க சார். முழுசாக் கேட்டாங்க. நான் விட்டதைக்கூடக் கேட்டு வாங்கினாங்க.”

அடுத்த மேசையில் பேனாவும் கையுமாக இருந்த திசையன்விளை அண்ணாச்சி பேனாவை வைத்துவிட்டார்.

“ஏ மேனேஜரு, இங்கன பாரும். வாங்கல்லன்னு சொன்ன ஒடனே ஒரு பொம்பளைய வெளிய போகச் சொல்லுதீரு. இப்பவே இப்படின்னா, துட்டு வாங்கினதுக்கு அப்புறம் முப்பத்து மூணு வருசம் எங்கள என்ன பாடு படுத்துவீரு வே?”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு மேசைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அண்ணாச்சியின் மனைவி அக்கா பக்கத்தில் வந்து நின்று அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பை அவள் தோளில் இருக்கிறவரை எங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மேனேஜர் சுற்றிப் பார்த்தார். வியாபாரம் கெட்டுவிடும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “மிஸ்அண்டர்ஸ்டேண்டிங் மேடம்” என்றார். சாவி வந்தது.

அறைக்குப் போனதும் அக்கா செய்த முதல் காரியம், அங்கே இருந்த டெலிபோன் ரிசீவரை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்ததுதான். “இப்படி வைக்கவங்களத்தான் நான் தினமும் திட்டுவேன்” என்று சொல்லிவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் படுத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். மறுநாளும் வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. மலைப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் மூச்சு விடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது பரிமாறுகிறவர், “சார் வருவாங்களா மேடம்? இலை போடட்டுமா?” என்று கேட்டார்.

“வரமாட்டாவ. ரெண்டு இலை போதும்” என்றாள் அக்கா. கூட்டு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

விற்பனைப் பையன் அங்கே வந்தான். டை இல்லை. அன்றைக்குக் கூடத்துக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

“என்னால ஒங்க வேலைக்குக் கேடு வந்துட்டே” என்று அக்கா வருத்தப்பட்டாள்.

“இல்லக்கா. எங்கய்யா மீன் பிடிக்கப் போறவர். கடல்ல வலை போட்டா வரும், வராமலும் போகும். யாரும் மீன்கிட்டப் போயி ஒன் புருசன் எங்கன்னு கேக்கமாட்டாவ” என்றான். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவன் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சேர்ந்துவிட்டதாகப் பின்னால் தொலைபேசி நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னானாம்.

அடுத்த வருடம் லீவு போட்டுவிட்டு அக்கா கொடைக்கானலுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். “வேண்டாம்ட்டி, இது நான் மட்டும் போகணும்” என்றாள். அங்கே முதல் லாட்ஜில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்றார்களாம். “அப்படி எங்கன எழுதியிருக்கு, காட்டுங்க” என்று கேட்டிருக்கிறாள். முதலாளியை வரச் சொல்லிக் காத்திருந்திருக்கிறாள். அறை கிடைத்தது. நான்கு நாள் இருந்துவிட்டு, உதடெல்லாம் குளிரில் வெடித்து, ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு ஊர். மைசூர், மூணாறு, ராமேஸ்வரம். இரண்டு மூன்று வருடம் கழித்து, தொலைபேசி நிலையத்திலிருந்து வேறு பெண்களும் அவளோடு கிளம்பினார்கள். ஒருத்தியைக் கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருத்தி, கணவரும் மூன்று பிள்ளைகளும் வீட்டில் இருக்கும்போதே, “அவுகளுக்கு லீவு இல்ல, எனக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியனுப்ப ஜங்ஷனுக்கு நான் போவேன். பஸ் கிளம்பும்போது ஆறேழு பெண்கள் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா கண்டக்டரிடம், சாப்பிட எங்கே நிறுத்துவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.