காப்புக்கு முன் வீடு வந்த தம்பி

எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். புதுக்கோட்டையில் வேலை பார்க்கலாம், திருச்சி வரைக்கும் போய்ப் புடவை எடுக்கலாம், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். திருவரங்குளத்துக்குப் பக்கத்து ஊர்தான், காட்டுக்குள் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு டிகிரி உண்டு, தெருவுக்கு ஓர் இன்ஜினீயர் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றாம் வகுப்பு. நான் இப்போது அந்த வாரம் வந்தால் வேண்டுமென்றே திருச்சியில் தங்கிக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லி யாரைத் திருத்த?

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடையில் சாமிக்காகக் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை எங்கள் பெரியப்பாவுக்கு வந்திருந்தது. அப்பாவின் அண்ணன். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். கிருமி ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டுவாராம். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்தப் பழமொழியை யாரோ எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். போனில் எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். “அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும்.”

தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அம்மாவுக்குத் திடீரென்று வலி கண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறந்தபோது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னை ஒருநாள் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நிறுத்திக் காட்டினார்கள். தோலுரித்த அணில்குட்டி மாதிரி இருந்தான். “இதுவா தம்பி?” என்று கேட்டதற்குப் பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை அல்லவா?

ஒரு மாதத்துக்கு மேல் அம்மா அங்கேயே கிடந்தாள். தம்பி தேறிக்கொண்டு வந்தான். பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கிற அளவுக்கு வந்துவிட்டான். அப்போதுதான் ஊரில் காப்புக்கு நாள் குறித்தார்கள்.

பெரியப்பா கணக்கில் புலி. பிள்ளை பிறந்த தீட்டு முப்பது நாளோடு போயிற்று, ஆகவே அவர் காப்புக் கட்டலாம். ஆனால் அவருடைய வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் ஊர் எல்லைக்கு வெளியே இராத்தங்கிக்கொண்டிருக்கலாமா? தேர் பாதியில் நின்றுவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காப்புக்கு முதல் நாள் கார் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா இன்னும் இரண்டு வாரமாவது இருக்கட்டும் என்றார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, “நானும் சயின்ஸ் வாத்தியார்தாங்க” என்றார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப ஒங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல சார். இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு எதுத்து நிக்கிற சக்தியே கெடையாது. கை கழுவாம ஒருத்தரும் தொடக் கூடாது. பால் இழுக்கல, ஒடம்பு சில்லுன்னு ஆகுது, அசையாமக் கெடக்குதுன்னா ஒரு நிமிசம் யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துருங்க” என்றார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டினார். எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா புருஷனுடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். எதுவானாலும் பெரியம்மா மூலமாகத்தான் போக வேண்டும். பெரியம்மா அன்றைக்கு வரவில்லை.

காப்புக் கட்டியாயிற்று. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஏழாம் மாதப் பிள்ளையை யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது? பஸ் கம்பியைப் பிடித்த கையோடு வாங்கினார்கள். கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். கோவிலிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒரு விரல் திருநீறு நெற்றியில் இட்டு, மிச்சத்தை அவன் வாயிலும் தடவினார்கள். அம்மா ஒரு சோப்பையும் வாளித் தண்ணீரையும் வாசலில் வைத்துவிட்டு, வருகிறவர்களைக் கெஞ்சிப் பார்த்தாள். “அடேயப்பா, ஆஸ்பத்திரியில நாலு நாள் இருந்துட்டு வந்து நமக்கே பாடம் எடுக்குறா” என்று ஓர் அத்தை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிருமி யார் கையிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? அத்தனை கையும் பாசமான கைதான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி அழுவதை நிறுத்திவிட்டான்.

அதற்கு முன்னால் பூனைக்குட்டி போலச் சின்னதாக ஒரு சத்தம் போடுவான். அதுவும் போயிற்று. யார் தூக்கினாலும் தூக்கின இடத்தில் கிடந்தான். மேளம் அடித்தாலும் வேட்டுப் போட்டாலும் சிணுங்கவில்லை. “ஆத்தாடி, என்ன சமத்து! இந்த வயசுல இப்புடி ஒரு புள்ளயப் பாத்ததே இல்ல” என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். அதோடு விட்டாளா? “நீயும் பொறந்தியே, எட்டூருக்குக் கேக்குற மாதிரி” என்று என்னையும் இழுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இவனுக்கு இவ்வளவு நல்ல பெயரா?

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தம்பியின் கால் மட்டும் ஜில்லென்று இருந்தது. யாரும் இல்லாதபோது அந்தக் காலை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அவ்வளவு சுகம். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது போய்விடும்.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. “அக்கா, புள்ள பால் இழுக்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே இருக்கு. சொல்லுங்களேன்” என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியப்பா நாலடி தள்ளி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா திரும்பி, அம்மா சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் அவரிடம் சொன்னாள். அவரும் பெரியம்மாவிடமே பதில் சொன்னார். “இப்பக் கொண்டு போனா அட்மிசன் போட்டுருவாய்ங்க. ராத்தங்கணும். நாளைக்குத் தேர், நாளன்னைக்கு மஞ்சத்தண்ணி. மறுநா விடியக்காலையில நானே கார் புடிச்சு அனுப்புறேன்னு சொல்லு. வெயிலுக்குப் புள்ள தூங்குது.”

கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் தம்பியைத்தான் வந்து பார்ப்பார். எட்டி நின்று பார்ப்பார், கை கழுவிவிட்டுத்தான் தொடுவார். வீட்டிலேயே கை கழுவியது அவர் ஒருத்தர்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஊருக்குப் பயந்தார்.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

போனை வைத்துவிட்டு அம்மா நேராகப் பெரியப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். பெரியம்மா இருந்த பக்கமே திரும்பவில்லை. “ஒங்க காப்பு ஒங்க கையிலயே இருக்கட்டுங்க. எம் புள்ளய நான் கொண்டு போறேன்” என்றாள். என் அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். பெரியப்பா கையில் கட்டியிருந்த மஞ்சள் கிழங்கைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அம்மா 108-க்குச் சொன்னாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால், மெயின் ரோட்டுக்கு வந்துவிடுங்கள், ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். தம்பியை முந்தானைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்தாள். நானும் கூடவே ஓடினேன். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் பெரியம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் நின்றவர்களில் ஒருத்தர்கூட அவள் கூடப் போகவில்லை. நிழலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தத்தில் கிருமி கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாராம். நேற்றே கொண்டுவந்திருக்கலாமே என்றும் சொன்னாராம். மறுநாள் காலையில் தம்பி செத்துப்போனான்.

கீரனூரிலிருந்து மாமா வந்திருந்தார். அவர்தான் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். பெரியப்பா தனியாகப் போய் நின்று பேசினார். காப்புக் கட்டியவனுக்குத் தீட்டு இல்லை, ஆனால் உடம்பை எல்லைக்குள் கொண்டுவர வேண்டாம், அங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமா ஒருத்தர் மட்டும் கூட நிற்க, புதுக்கோட்டையிலேயே புதைத்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் தேர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா வடத்தின் முன்னால் நடந்தார். தேர் எந்த இடத்திலும் நிற்கவில்லை, ஜோராக நிலைக்கு வந்தது. அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா என்னை ராட்டினத்துக்கு அழைத்துப் போனார். வழக்கமாக ஒரு பலூனுக்கே நூறு கேள்வி கேட்பவர், நான் கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தார். தம்பி எப்போது வருவான் என்று கேட்டதற்கு, “வருவான்த்தா” என்றார். நான் ராட்டினத்தில் மேலே போகும்போதெல்லாம் அவர் கீழே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்று நினைத்துக் கையசைத்தேன்.

அப்புறம் ஊர் பேசியதைக் கேட்கவா வேண்டும்? காப்பைத் தாண்டினாள், அம்மன் கேட்காமல் விடுவாளா என்றார்கள். எல்லையைத் தாண்டும்போதே அவன் பாதி போயிருந்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. அப்பா சிங்கப்பூரிலிருந்து கேட்ட முதல் கேள்வி, “அண்ணன் பேச்சக் கேக்காம ஏன் போன?” என்பது. அம்மா அதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. அவருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், அந்தக் கேள்வியை மட்டும் அப்படியே வைத்திருக்கிறாள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அம்மா திரும்பி வந்தது மஞ்சள் தண்ணீர் அன்றைக்கு. தெருவெல்லாம் மஞ்சள். முறைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு முறையாவது ஒன்றாவது, கிடைத்தவர் மேலெல்லாம் ஊற்றினோம். நான் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு நின்றபோது, மெயின் ரோட்டுப் பக்கமிருந்து அம்மா வருவதைப் பார்த்தேன். கையில் தம்பி இல்லை. தம்பியை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், நல்லது, அங்கேயே சமத்தாக இருக்கட்டும் என்று நினைத்தேன். செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினேன். அம்மாவை முதலில் நனைப்பது நானாகத்தான் இருக்க வேண்டும்.

கிட்டே போனதும் ஏமாற்றமாகிவிட்டது. அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் ஏற்கெனவே நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள்.

“எனக்கு முன்னாடி ஆரும்மா ஊத்துனது?” என்று கேட்டேன்.

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி நின்றார்கள். குடிக்க ஆள் இல்லாமல் வடிந்த பால் அது என்று எனக்கு யார் சொல்வது? ஊற்றியவர்கள் யாரோ, தண்ணீரில் மஞ்சள் கலக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.